இயந்திரத்தை நெட்வொர்க்கில் இணைக்கும் முன்: ஆலைகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

2018 ஆகஸ்டில் தைவானில் உள்ள டிஎஸ்எம்சி நிறுவனத்தின் சிப் ஆலைகளில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. யாரோ திட்டம் போட்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. புதிதாக வந்த ஓர் இயந்திரத்தை, வைரஸ் சோதனை செய்யாமலேயே ஆலை நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அதில் வானாக்ரை வைரஸின் ஒரு வகை உட்கார்ந்திருந்தது. அது ஆலை விட்டு ஆலை பரவியது. அந்தக் காலாண்டு வருமானத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் அடிபடும் என்று நிறுவனமே அறிவித்தது. இத்தனைக்கும், அந்த வைரஸ் நுழையும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. "எங்களை யார் தாக்கப்போகிறார்கள், நாங்கள் சின்ன ஆலைதானே" என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆலை நிற்பதற்கு யாரும் குறிவைக்க வேண்டியதில்லை. ஒரு கேபிள் தவறான இடத்தில் சொருகப்பட்டால் போதும்.

இந்தக் கட்டுரை மெயின்டனன்ஸ் பொறியாளர், உற்பத்தி மேலாளர், சிறிய ஆலையின் உரிமையாளர் போன்றவர்களுக்கானது. இயந்திரங்களிலிருந்து டேட்டா எடுக்க வேண்டும், மொபைலில் உற்பத்தி எண்ணிக்கை தெரிய வேண்டும், சென்சார் வைத்துப் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்று வேலை தொடங்கியிருப்பீர்கள். தொடங்குங்கள், அதில் தவறே இல்லை. இணைப்பதால் கிடைக்கும் பயன் உண்மையானது. எந்த வரிசையில் இணைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அலுவலகக் கணினி வேறு, ஆலை வேறு

அலுவலகத்தில் கணினி பாதிக்கப்பட்டால் கோப்பு போகும், ரகசியம் வெளியே போகும். ஆலையில் ஓர் எண் மாறினால் ஒரு ரோபோ கை நகரும், ஒரு வால்வு திறக்கும், ஒரு ஃபர்னஸின் சூடு ஏறும். எனவே இங்கே கவலைப்பட வேண்டிய வரிசை வேறு: முதலில் மனித உயிர், அடுத்து இயந்திரம், அதற்கு அடுத்து உற்பத்தி, டேட்டா கடைசியில். அலுவலக ஐடி பிரிவிடம் மட்டும் இந்த வேலையை ஒப்படைத்தால், அவர்கள் பழக்கத்தில் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். ஆலையைத் தெரிந்தவர் ஒருவரும் ஐடி தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். ஆலைக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழிகள் பழையவை. இன்றும் எங்கும் புழங்கும் மோட்பஸ் 1979-இல் வந்தது. ஒரே அறைக்குள், ஒரே வயரில், நம்பகமான கருவிகள் மட்டும் இருந்த காலம் அது. அதனால் அதில் பாஸ்வேர்டு கிடையாது, "நீ யார்" என்ற கேள்வியும் கிடையாது. "இந்த ரெஜிஸ்டரில் இந்த எண்ணை எழுது" என்று நெட்வொர்க்கில் யார் சொன்னாலும் பிஎல்சி, அதாவது இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, எழுதிவிடும். இது அந்தக் கருவியின் பழுதல்ல, அது அப்படித்தான் உருவாக்கப்பட்டது. அதே கருவியை இணையம் வரை நீளும் நெட்வொர்க்கில் இன்று நாம் இணைக்கிறோம். பாதுகாப்பை நாம்தான் சுற்றிக் கட்ட வேண்டும்.

முதல் படி: நடந்து பாருங்கள், எழுதுங்கள்

எந்த மென்பொருளும் வாங்குவதற்கு முன்னால், ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பேனலையும் திறந்து பாருங்கள். மின் பேனலைத் திறக்கத் தகுதியுள்ளவர் உடன் இருக்கட்டும். நெட்வொர்க் கேபிளோ ஆன்டெனாவோ உள்ள எதுவும் நோட்டில் வர வேண்டும்: பிஎல்சி, எச்எம்ஐ (ஆபரேட்டர் இயந்திரத்தை இயக்கும்) திரை, டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ரோபோ கன்ட்ரோலர், எடை இயந்திரம், லேபிள் பிரின்டர், சிசிடிவி கேமரா, நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்கள் வந்து சேரும் பெட்டி), யுபிஎஸ். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர், மாடல், மென்பொருள் பதிப்பு, ஐபி முகவரி, எது எதனுடன் இணைந்திருக்கிறது, யாரிடம் பாஸ்வேர்டு இருக்கிறது என்பதை எழுதுங்கள். எக்செல் தாளே போதும்.

இப்படிச் சுற்றும்போது நெஞ்சைப் பதற வைக்கும் சில விஷயங்கள் கண்ணில் படும். இயந்திரம் விற்றவர் சர்வீசுக்காகப் பேனலுக்குள் வைத்துவிட்டுப் போன சிம் கார்டு ரவுட்டர். பல வருடங்களாக அது வெளி உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கும், ஆலையில் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு நெட்வொர்க் கார்டு அலுவலகத்துக்கும் இன்னொன்று இயந்திரத்துக்குமாக இரண்டு கார்டுகள் கொண்ட கணினி. இரவு ஷிப்டில் படம் பார்க்க யாரோ சொருகிய வைஃபை டாங்கிள். உங்கள் ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல் கதவு) எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த மூன்றும் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள். என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்த நடைதான்.

ஓர் எச்சரிக்கை. ஐடி பிரிவினர் பயன்படுத்தும் ஸ்கேனிங் கருவியை ஓடிக்கொண்டிருக்கும் லைனில் ஏவிவிடாதீர்கள். பழைய பிஎல்சிகள் சில, எதிர்பாராத கேள்வி வந்தாலே உறைந்து நின்றுவிடும். லைன் நிற்கும். ஸ்விட்சில் மிரர் போர்ட் (போகும் வரும் தகவலின் நகலைத் தரும் துளை) அமைத்து, போகும் வரும் பேச்சைக் கேட்க மட்டும் செய்யும் கருவி போதும். அதுவும் இல்லையென்றால், ஸ்விட்சின் முகவரிப் பட்டியலை எடுத்து உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். நோட்டில் இல்லாத ஒன்று பட்டியலில் இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும்வரை விடாதீர்கள்.

அப்படியே போகிற போக்கில் இன்னொரு வேலையையும் முடியுங்கள். ஒவ்வொரு பிஎல்சியில் ஓடும் புரோகிராமும் உங்கள் லேப்டாப்பில் உள்ள நகலும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஒரு ப்ரேக்டவுனின்போது நள்ளிரவில் யாரோ மாற்றியிருப்பார்கள், சேமித்திருக்க மாட்டார்கள். அந்த வித்தியாசத்தை இன்றே சரிசெய்துவிட்டால், நாளை ஒன்று மாறியிருக்கும்போது அது கண்ணில் படும்.

இரண்டாம் படி: எது நின்றால் எது நிற்கும்

பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது நின்றாலோ தவறாக ஓடினாலோ என்ன ஆகும்? ஆளுக்கு அடிபடுமா, இயந்திரம் உடையுமா, சரக்கு வீணாகுமா, அல்லது அறிக்கை தாமதமாகுமா?

இயந்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. 2021 மே மாதம் அமெரிக்காவில் எரிபொருள் குழாய்களை நடத்தும் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தை ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியபோது, அடிபட்டது அலுவலகக் கணினிகள். குழாய்களை இயக்கும் கட்டுப்பாட்டுக்குள் அது போகவில்லை. ஆனாலும் பரவிவிடுமோ என்று நிறுவனமே குழாயை நிறுத்தியது, எரிபொருள் ஓட்டம் பல நாள் நின்றது. உங்கள் ஆலையிலும் அப்படி இருக்கலாம். டிஸ்பாட்ச் கணினி போனால் லாரி கிளம்பாது, லாரி கிளம்பாவிட்டால் கிடங்கு நிறையும், கிடங்கு நிறைந்தால் லைனை நிறுத்த வேண்டும்.

நீங்கள் பெரிய நிறுவனத்துக்குப் பாகம் தயாரித்துக் கொடுப்பவரா? 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 ஆலைகளையும், அவற்றின் 28 லைன்களையும் நிறுத்தியது. தாக்கப்பட்டது டொயோட்டா அல்ல. அதற்கு பிளாஸ்டிக் பாகங்கள் கொடுக்கும் கோஜிமா என்ற நிறுவனத்தின் கணினிகள். இதற்கப்புறம் பெரிய வாடிக்கையாளர்கள் தம் சப்ளையர்களிடம் பாதுகாப்புக் கேள்விகள் கேட்பது சாதாரணமாகிவிட்டது. பதில் தயாராக வைத்திருப்பது வியாபாரத்துக்கே நல்லது.

மூன்றாம் படி: பிரித்து வையுங்கள்

இந்தப் படிக்கு நேரமும் பணமும் அதிகம் செலவாகும், செலவழியுங்கள். பெரும்பாலான ஆலைகளில் நெட்வொர்க் ஒரே மைதானம்போல விரிந்து கிடக்கும். கணக்குப் பிரிவின் கணினியிலிருந்து பிரஸ் இயந்திரத்தின் பிஎல்சி வரை நடுவில் ஒரு கதவும் இருக்காது. 2014-இல் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, பெயர் சொல்லாமல் ஓர் இரும்பாலையைப் பற்றி எழுதியது. தாக்கியவர்கள் ஏமாற்று மின்னஞ்சல் வழியாக அலுவலக நெட்வொர்க்கில் நுழைந்து, அங்கிருந்து உற்பத்தி நெட்வொர்க்குக்குப் போயிருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, ஊது உலையை முறைப்படி நிறுத்த முடியாமல் பெரும் சேதம் ஏற்பட்டது. ஒரு மின்னஞ்சலுக்கும் ஒரு உலைக்கும் நடுவில் கதவில்லாமல் போனதன் விலை அது.

குறைந்தபட்சம் மூன்று பகுதிகள் வேண்டும்: அலுவலகம், ஆலை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைப்பகுதி. இயந்திர டேட்டா ஆலையிலிருந்து இடைப்பகுதியில் உள்ள சர்வருக்கு வரட்டும். அலுவலகமும் கிளவுடும் அந்த சர்வரிடம் மட்டும் கேட்கட்டும். அலுவலகத்திலிருந்து நேராக பிஎல்சியைத் தொடும் வழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பகுதிகளுக்கு நடுவே ஃபயர்வால் நிற்கட்டும். அதன் விதி "எல்லாம் மறுக்கப்படும், எழுதி அனுமதித்தவை மட்டும் போகும்" என்று இருக்க வேண்டும். ஒரே ஸ்விட்சுக்குள் அமைப்பு மூலம் மட்டும் விலான் (தனித்தனி நெட்வொர்க்) பிரித்துவிட்டு, நடுவில் எல்லாவற்றையும் அனுமதித்திருந்தால் அது பிரிவே அல்ல; சுவரில்லாத வீட்டில் கோடு போட்டதுபோல.

ஆலைக்குள்ளேயும், முடிந்தால் லைன் வாரியாகப் பிரியுங்கள். ஒரு லைனில் வைரஸ் புகுந்தால் அடுத்த லைன் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். இரண்டாம் படியில் மிக ஆபத்தானது என்று எழுதிய லைனிலிருந்து தொடங்கி, ஷட்டவுன் கிடைக்கும்போதெல்லாம் ஒன்றொன்றாகப் போங்கள்.

இயந்திரத்திலிருந்து டேட்டா எடுத்து வெளியே அனுப்ப வைக்கும் கேட்வே கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலருக்கும் வேண்டியது படிப்பது மட்டும்தான், ஆனால் கேட்வே எழுதவும் முடிந்த நிலையில் நிறுவப்படும். அதைப் படிக்க மட்டும் என்று அமையுங்கள். ஃபயர்வாலிலும் எழுதும் கட்டளைகளைத் தடுக்க முடிந்தால் தடுங்கள். அதைவிட நல்ல வழியும் உண்டு. இயந்திரம் ஓடுகிறதா, எத்தனை நிமிடம் நின்றது, மோட்டார் அதிர்கிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்றால் பிஎல்சியைத் தொடவே வேண்டாம். மின் வயரைச் சுற்றிப் பிடிக்கும் கரன்ட் சென்சார், மோட்டார் மேல் ஒட்டும் அதிர்வு சென்சார், தனி நெட்வொர்க். இந்த அமைப்பை யாராவது முழுதாகக் கைப்பற்றினாலும் இயந்திரத்தை அசைக்க முடியாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் திட்டமாக இதைத்தான் பரிந்துரைப்பேன்.

பாதுகாப்பு பிஎல்சி, அதாவது எமர்ஜென்சி ஸ்டாப், லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித் திரை) போன்றவற்றைக் கவனிக்கும் கருவி, எதனுடனும் கலக்கக் கூடாது. 2017-இல் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் சரியாக இந்தக் கருவியைத்தான் தாக்கினார்கள். ட்ரைடன் என்று பெயர் வைக்கப்பட்ட அந்த மென்பொருள், ஆபத்து வரும்போது ஆலையை நிறுத்த வேண்டிய கருவிக்குள்ளேயே நுழைந்தது. அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அது 'ரன்' நிலையில் இருக்க வேண்டும், 'புரோகிராம்' நிலையில் விடப்பட்டிருந்தது. நல்லவேளையாகத் தாக்கியவர்களின் வேலையில் ஏற்பட்ட கோளாறால் ஆலை தானாகப் பாதுகாப்பாக நின்றது, விஷயம் வெளிவந்தது. உங்கள் பிஎல்சிகளில் சாவி இருக்கிறதா? இன்றே போய் 'ரன்' நிலைக்குத் திருப்பி, சாவியை உருவி, ஷிப்ட் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஒரு பைசா செலவில்லை.

நான்காம் படி: வெளியிலிருந்து வரும் வழி

சர்வீஸ் இன்ஜினியர் வேறு ஊரிலிருந்து உள்ளே வந்து பழுது பார்ப்பது நல்ல வசதி, ஒரு நாள் ப்ரேக்டவுனை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். தாக்குபவர்களுக்கும் அதே வழி வசதி. கலோனியலில் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் உயிரோடு விட்டிருந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கு வழியாக. அதற்கு பாஸ்வேர்டு மட்டுமே காவல், இரண்டாவது சரிபார்ப்பு இல்லை.

இந்த வழிக்குச் சில விதிகள் வேண்டும். கணக்கு ஆளுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று அல்ல. பாஸ்வேர்டோடு மொபைலில் வரும் இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம். வழி எப்போதும் மூடியே இருக்கும். அவர் போன் செய்தால், ஆலையில் ஒருவர் திறந்து, வேலை முடிந்ததும் மூடுவார். பேனல் கதவில் ஒரு சாவி ஸ்விட்சை வைத்து, அதைத் திருப்பினால் மட்டும் ரவுட்டருக்கு மின்சாரம் போகும்படி செய்துவிட்டால் இது எளிது, யாருக்கும் விளக்க வேண்டியதுமில்லை. உள்ளே வந்தவர் அவருடைய இயந்திரத்தைத் தவிர வேறெதையும் தொட முடியாதபடி ஃபயர்வால் விதி இருக்கட்டும். யார், எப்போது, எதற்கு வந்தார் என்பது பதிவாகட்டும். அவர் வேலையை விட்டுப் போனால் கணக்கை மூடுவது யார் என்பதும் எழுதியிருக்கட்டும்.

செய்யவே கூடாத ஒன்று: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது வெளியிலிருந்து வருவதை நேராக உள்ளே திருப்பிவிட்டு, எச்எம்ஐயையோ பிஎல்சியையோ நேராக இணையத்துக்குக் காட்டுவது. "ஐபி முகவரி யாருக்குத் தெரியப்போகிறது" என்பார்கள். ஷோடன் என்ற தேடுபொறி 2009-இலிருந்து இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியல் போடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு குடிநீர் அமைப்பின் யுனிட்ரானிக்ஸ் பிஎல்சி இப்படித்தான் கைப்பற்றப்பட்டது. இணையத்தில் திறந்திருந்தது, வாங்கும்போது வந்த பாஸ்வேர்டு மாற்றப்படவில்லை. அந்த வகைக் கருவிக்கு அது 1111. அங்கிருந்தவர்கள் கைமுறை இயக்கத்துக்கு மாறித் தண்ணீரைத் தொடர்ந்து கொடுத்தார்கள்.

ஐந்தாம் படி: பாஸ்வேர்டு, பென்டிரைவ், லேப்டாப்

கருவியோடு வரும் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மாற்றியதை உறையில் போட்டு ஒட்டி, பூட்டிய இடத்தில் வையுங்கள், அல்லது பாஸ்வேர்டு மேனேஜரில் வையுங்கள். எச்எம்ஐயில் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும்போது தனித்தனி லாகின் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். நடைமுறையில், கையுறை போட்ட ஆபரேட்டர் அவசரத்தில் எட்டு எழுத்து தட்ட மாட்டார். தட்டச் சொன்னால் திரையிலேயே எழுதி ஒட்டிவிடுவார். ஓட்டுவது, நிறுத்துவது பொதுவாக இருக்கட்டும். ரெசிபி (ஒவ்வொரு பொருளுக்குமான அமைப்பு அளவுகள்) மாற்றுவது, அளவீட்டு வரம்பு மாற்றுவது, புரோகிராம் ஏற்றுவது ஆகியவை தனி லாகினில் இருக்கட்டும். அடையாள அட்டையைத் தட்டினால் திறக்கும் வசதி உங்கள் எச்எம்ஐயில் இருந்தால் இன்னும் நல்லது.

பென்டிரைவ் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், இணையத்தோடு தொடர்பில்லாத ஈரானின் நடான்ஸ் அணுசக்தி நிலையத்துக்குள் போக யுஎஸ்பி வழியையே நம்பி எழுதப்பட்டது. ஆலை வாசலில் தனியாக ஒரு சோதனைக் கணினி வையுங்கள், எந்த பென்டிரைவும் அதில் சோதித்த பிறகே உள்ளே போகட்டும். அதைவிட நல்லது, ஆலைக்கென்று நிறம் அடித்த சில பென்டிரைவ்கள் மட்டும் வைத்துக்கொள்வது. சர்வீஸ் இன்ஜினியர் கொண்டுவரும் லேப்டாப்புக்கும் இதே விதிதான். அவர் நேற்று எந்த ஆலையில் அதைச் சொருகினார் என்பது உங்களுக்குத் தெரியாது. புரோகிராம் போடும் வேலைக்கு ஆலையின் சொந்த லேப்டாப் ஒன்று இருந்தால் பாதித் தலைவலி போகும். அதில் மின்னஞ்சலும் வேண்டாம், பொது இணையமும் வேண்டாம்.

ஆறாம் படி: அப்டேட் போட முடியாதவை

எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள் என்று சொல்வது எளிது. இயந்திரம் இருபது வருடம் ஓடும், அதற்குள் இருக்கும் விண்டோஸ் அவ்வளவு காலம் ஓடாது. எக்ஸ்பிக்கு 2014-இலும், விண்டோஸ் 7-க்கு 2020-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் பொது ஆதரவு முடிந்தது. அப்டேட் போட்டால் இயந்திர மென்பொருள் ஓடுமா என்பதற்குத் தயாரிப்பாளர் உத்தரவாதம் தர மாட்டார்.

அப்டேட் போட முடிந்தவற்றுக்கு, தயாரிப்பாளரிடம் கேட்டு, முழு பேக்கப் எடுத்து, ஷட்டவுன் நாளில் போடுங்கள். ஃபயர்வால், விபிஎன், கேட்வே போன்ற வெளியைப் பார்த்து நிற்கும் கருவிகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே போடுங்கள். முடியாதவற்றைச் சுற்றி வேலி போடுங்கள்: தனி நெட்வொர்க், தேவையான ஒன்றிரண்டு இணைப்பு மட்டும், யுஎஸ்பி துளைகளுக்குப் பூட்டு, பட்டியலில் உள்ள புரோகிராம் மட்டும் ஓடும்படி அமைப்பு. பழைய விண்டோசின் கோப்புப் பகிர்வு முறையைத் தேவையில்லாத இடத்திலெல்லாம் அணைத்துவிடுங்கள். பகுதிகளுக்கு நடுவே அந்தப் பகிர்வு போகும் 445 போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்) மூடுங்கள். வானாக்ரை பரவியது அந்த வழியில்தான்.

ஏழாம் படி: பேக்கப், அப்புறம் கையால் ஓட்டுதல்

2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோவை லாக்கர்கோகா என்ற ரேன்சம்வேர் தாக்கியது. 35,000 பேர் வேலை செய்யும் நிறுவனம். கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள் என்ற அறிவிப்புத் தாள்களை வாசலில் ஒட்டினார்கள். பல ஆலைகள் கைமுறைக்கு மாறின. பணம் கொடுக்க மறுத்து, பேக்கப்பிலிருந்து மீண்டார்கள். கோடிக்கணக்கான டாலர் இழப்புதான், ஆனாலும் மீள முடிந்தது. நடப்பதை ஒளிக்காமல் தினமும் வெளியில் சொன்னதையும் பலர் பாராட்டினார்கள்.

பேக்கப் என்றால் சர்வர் கோப்புகள் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆலையில் பட்டியல் நீளம்: பிஎல்சி புரோகிராம், எச்எம்ஐ புராஜெக்ட், டிரைவ் பாராமீட்டர்கள், ரோபோ புரோகிராம், ரெசிபிகள், ஸ்விட்ச் மற்றும் ஃபயர்வால் அமைப்புகள், இயந்திரக் கணினியின் முழு வட்டு நகல். பழைய பிஎல்சியைத் திறக்க வேண்டிய அந்தக் குறிப்பிட்ட பதிப்பு மென்பொருளையும், அதன் லைசென்ஸ் டாங்கிளையும் மறந்துவிடாதீர்கள். புரோகிராம் இருந்தும் ஏற்ற மென்பொருள் இல்லையென்றால் பயனில்லை. ஒரு நகல் எந்த நெட்வொர்க்கிலும் இணையாமல் அலமாரியில் இருக்க வேண்டும், ஏனென்றால் ரேன்சம்வேர் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒரு நகலை எடுத்து, உதிரியாக வைத்திருக்கும் பிஎல்சியிலோ கணினியிலோ ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள்.

கையால் ஓட்டுவதும் ஒரு பயிற்சிதான். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின்விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள், தொலைவிலிருந்து பிரேக்கர்களைத் திறந்ததோடு நிற்கவில்லை. துணை மின்நிலையங்களில் இருந்த இணைப்புக் கருவிகளின் உள்மென்பொருளையும் அழித்துவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் அது திரும்பியதற்குக் காரணம், ஊழியர்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டார்கள், எப்படிப் போடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஆலையில் திரை இருண்டால் ஃபர்னஸை எப்படிப் பாதுகாப்பாகக் குளிர்விப்பது, கன்வேயரில் உள்ளதை எப்படி எடுப்பது என்பதைத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறும் முன் கேட்டு எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: வாங்கும்போதே கேளுங்கள்

ஆர்டர் போடுவதற்கு முன் விற்பவர் எதற்கும் பதில் சொல்வார், போட்ட பிறகு போனே எடுக்க மாட்டார். ஆகவே கேள்விகளை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். இணையம் அறுந்தால் இயந்திரம் தொடர்ந்து ஓடுமா? கிளவுட் சேவையை நிறுவனமே மூடிவிட்டால்? பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும்? ஓட்டை கண்டுபிடித்தால் எத்தனை நாளில் எங்களுக்குச் சொல்வீர்கள்? உங்கள் ஆள் உள்ளே வரும் வழி எது, அதை நாங்கள் மூட முடியுமா? இயந்திரத்தின் டேட்டா எங்கே போகிறது? பிஎல்சி புரோகிராமின் நகல் எங்களுக்குக் கிடைக்குமா?

ஐஇசி 62443 என்ற தரநிலை இந்தத் துறையின் பொது மொழி. பெரிய தயாரிப்பாளர்களிடம் அதன்படி சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். சான்று இல்லாத சிறிய தயாரிப்பாளரை அதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. மேலே உள்ள கேள்விகளுக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதே நிறையச் சொல்லிவிடும். இன்னும் ஆழமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் 800-82 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. 2023-இல் அதன் மூன்றாம் திருத்தம் வந்தது, இலவசம்.

வந்து இறங்கிய இயந்திரத்தை நேராக ஆலை நெட்வொர்க்கில் சொருகாதீர்கள். தனி ஸ்விட்சில் வைத்து, வைரஸ் சோதனை செய்து, பாஸ்வேர்டு மாற்றி, நோட்டில் ஏற்றி, பேக்கப் எடுத்த பிறகு இணையுங்கள். டிஎஸ்எம்சியில் விட்டுப்போனது இந்த ஒரு மணி நேர வேலைதான்.

ஒன்பதாம் படி: பேனலுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள்

ஸ்டக்ஸ்நெட் நடான்ஸில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றியபோது, கட்டுப்பாட்டு அறைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோன்ற பழைய அளவீடுகளையே அனுப்பிக்கொண்டிருந்தது. திரையை மட்டும் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இயந்திரத்தின் சத்தத்தையும் சூட்டையும் தினமும் அறிந்த ஆபரேட்டர்தான் உங்கள் முதல் எச்சரிக்கை மணி. "திரையில் ஒன்று, இயந்திரத்தில் வேறொன்று" என்று அவர் சொன்னால், அதைப் பழுதாக மட்டும் நினைத்து ஒதுக்காமல், நெட்வொர்க் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

அவர் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே தாளில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். கர்சர் தானாக நகர்ந்தாலோ, பணம் கேட்டுச் செய்தி வந்தாலோ, அளவீடு பொருந்தாமல் போனாலோ: முதலில் ஆட்களுக்கு ஆபத்து இருக்கிறதா என்று பார், இருந்தால் எமர்ஜென்சி ஸ்டாப். அடுத்து, சிவப்பு நாடா சுற்றிய நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கு. எந்தக் கேபிளைப் பிடுங்கினால் லைன் பாதுகாப்பாக ஓடும் என்பதை முன்கூட்டியே சோதித்து, அதற்கு மட்டும் சிவப்பு நாடா சுற்றியிருக்க வேண்டும். கணினியை அணைக்காதே, தடயம் போய்விடும். திரையை மொபைலில் படம் எடு. பிறகு இந்த எண்ணுக்குப் போன் செய்.

எண்கள் அச்சடித்துத் தாளிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் மின்னஞ்சலும் கம்பெனித் தொலைபேசியும் ஓடாமல் போகலாம். இரவு இரண்டு மணிக்கு எடுப்பவரின் எண்ணாக இருக்கட்டும். தாளின் கடைசியில் ஆலை மேலாளர் கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுத வேண்டும்: கேபிளைப் பிடுங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், சந்தேகம் தவறாகப் போனாலும் உங்கள்மீது நடவடிக்கை இல்லை. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஆபரேட்டர் சூப்பர்வைசருக்காகக் காத்திருப்பார், சூப்பர்வைசர் மேலாளருக்காகக் காத்திருப்பார், அந்த நேரத்தில் வைரஸ் அடுத்த லைனுக்குப் போய்விடும்.